இணையத்திலும் பேரம் பேசலாம்

தீபாவளி நெருங்கும்போது கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்சிலோ நம் அம்மாக்கள் சேலை வாங்குவதைக் கவனித்திருப்பீர்கள். முதல் கடையில் சொன்ன விலைக்கு யாரும் வாங்குவதில்லை. நான்கு கடை ஏறி இறங்கி, துணியைத் தடவிப் பார்த்து, "பக்கத்துக் கடையில இதையே குறைச்சுக் கொடுக்கிறாங்களே" என்று ஒரு வார்த்தை போட்ட பிறகுதான் கைப்பையைத் திறப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளான நாமோ, "70 விழுக்காடு தள்ளுபடி, இன்னும் 12 நிமிடம் மட்டுமே" என்று திரையில் சிவப்பு எழுத்தைக் கண்டதும் மறுபேச்சில்லாமல் பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

பேரம் பேசுவதற்கு வேண்டியது வாய்ச் சாமர்த்தியம் மட்டுமன்று. பொருளின் உண்மையான விலை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் அந்த அறிவைத் தரும் கருவிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. பிடிபிடிஎன் கடனிலும் பகுதி நேர வேலையிலும் காலத்தை ஓட்டும் மாணவர்களாகிய நாம் அவற்றைத் தொடாமலேயே வாங்குவது, பேரம் பேசும் உரிமையை நாமே விட்டுக் கொடுப்பதற்குச் சமம் என்பது என் கருத்து.

கோடு போட்ட விலை

மலிவு விற்பனையில் நம்மை முதலில் ஈர்ப்பது, குறுக்கே கோடு போடப்பட்ட பழைய விலை. 200 ரிங்கிட்டை அடித்துவிட்டு 89 என்று எழுதியிருந்தால் 111 ரிங்கிட் மிச்சம் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால், அந்தப் பொருள் எப்போதாவது 200 ரிங்கிட்டுக்கு விற்றதா? போன மாதமும் 89தான் என்றால் தள்ளுபடியே கிடையாது.

இதைக் கண்டுபிடிக்க உதவுவது விலை வரலாறு. அமேசானில் வாங்குபவர்களுக்குக் கீப்பா, கேமல்கேமல்கேமல் என்ற இரு தளங்கள் உள்ளன. ஒரு பொருளின் விலை பல மாதங்களாக எப்படி ஏறி இறங்கியது என்பதை அவை வரைபடமாகக் காட்டும். நாம் விரும்பும் விலைக்கு இறங்கினால் மின்னஞ்சலும் அனுப்பும். ஷாப்பி, லசாடா போன்ற தளங்களில் வாங்க, கூகுள் ஷீட்ஸில் ஓர் அட்டவணை போதும். 11.11 விற்பனையில் மடிக்கணினி வாங்க நினைத்தால், மூன்று வாரத்துக்கு முன்பே கூடையில் போட்டு வையுங்கள். வாரம் இருமுறை விலையைக் குறித்து, திரைப்படம் பிடித்து வைத்தால், விற்பனை நாளன்று யார் சொல்வது உண்மை என்று உங்களுக்கே தெரியும்.

ஒப்பிடும்போது கடைசியாகக் கட்டும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். 2024 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 80 ரிங்கிட் பொருளுக்கு வரி 8, அனுப்பும் செலவு 6 என்றால் மொத்தம் 94. உள்ளூர் விற்பனையாளர் அதையே 92க்குக் கொடுத்தால் அதுதான் மலிவு. பழுதானால் திருப்பி அனுப்புவதும் எளிது. வீட்டு மளிகைக்கு, உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பிரைஸ்கேச்சர் செயலி இருக்கிறது. அருகிலுள்ள கடைகளின் விலையை அதில் பார்க்கலாம்.

விற்பவர் யார்?

விலை சரியாக இருந்தாலும் ஆள் சரியாக இருக்க வேண்டும். பொருளின் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். "சொந்தமாக எடுத்த படம்" என்று சொல்லும் விற்பனையாளரின் படம் வேறு நாட்டுக் கடையிலும் இருந்தால் சந்தேகப்படுவதற்குக் காரணம் உண்டு. மதிப்புரைகளில் ஐந்து நட்சத்திரத்தைவிட மூன்று நட்சத்திரக் கருத்துகளே அதிகம் பயன்படும். அவற்றில் நிறையும் குறையும் சேர்ந்திருக்கும்.

கேள்விப்படாத தனி இணையத்தளமாக இருந்தால், அதன் முகவரி எப்போது பதிவானது என்று ஹூ இஸ் தேடலில் பார்க்கலாம். "20 ஆண்டு அனுபவம்" என்று சொல்லும் கடையின் முகவரி போன மாதம்தான் பதிவாகியிருந்தால் விலகிவிடுவது நல்லது. ஐயமான இணைப்பை வைரஸ்டோட்டலில் ஒட்டிச் சோதிக்கலாம். இணைய வணிகம் செய்வோர் தொழிலின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்த முழு விலை ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்ற விதிமுறை நம் நாட்டில் 2013 ஜூலையிலேயே நடப்புக்கு வந்துவிட்டது. இவற்றை மறைப்பவரிடம் நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்?

வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பச் சொன்னால், முதலில் போலீசாரின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் தட்டிப் பாருங்கள். புகார் பதிவாகியிருந்தால் தெரியும். புகார் இல்லை என்பதாலேயே அவர் நல்லவர் என்று ஆகிவிடாது. நேற்றுத் திறந்த கணக்கின் மேல் இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே, "வாட்ஸ்அப்பில் பேசலாம், இன்னும் மலிவாகத் தருகிறேன்" என்று தளத்துக்கு வெளியே அழைப்பவரிடம் போகவே கூடாது. வெளியே போனால் தளம் தரும் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

ஏலத்தில் எல்லை வேண்டும்

'ஏலம்' என்ற தமிழ்ச் சொல்லும் 'லெலோங்' என்ற மலாய்ச் சொல்லும் போர்த்துகீசியச் சொல் ஒன்றிலிருந்து வந்தவை என்பார்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஏலத்தில் செய்யும் தவறும் ஒன்றுதான். பொருளை மறந்துவிட்டு, எதிராளியைத் தோற்கடிப்பதில் இறங்கிவிடுகிறோம்.

இபேயில் பழைய கேமராவோ புத்தகமோ தேடுபவர்கள் முதலில் 'விற்கப்பட்டவை' என்ற வடிகட்டியை அழுத்த வேண்டும். ஆசைப்பட்டுக் கேட்கும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்ற விலையை அது காட்டும். அதைப் பார்த்து உங்கள் உச்ச விலையை முடிவு செய்து, அந்தத் தொகையை ஒரே முறை பதிவு செய்யுங்கள். மற்றவர் கேட்டால் மட்டும், தேவையான அளவுக்கு, தளமே உங்களுக்காக விலையை உயர்த்தும். இரண்டாமவர் கேட்ட விலையை ஒட்டியே வெற்றி பெற்றவர் கட்டும் ஏலத்தில், தன் மனத்திலுள்ள உண்மையான மதிப்பைக் கேட்பதே சிறந்த உத்தி என்று வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். அவருக்கு 1996இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு சின்ன வழி, பொருளின் பெயரைப் பிழையான எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பார்ப்பது. தவறாக எழுதப்பட்ட பொருளைப் பலர் கண்டுபிடிப்பதில்லை. போட்டியும் குறைவு.

பேஸ்புக் நேரலையில் பண்டல் துணி ஏலம் விடுவோரிடம் இந்த வசதி கிடையாது. சத்தமும் அவசரமும்தான் அங்கே விலையை ஏற்றும். உச்ச விலையைத் தாளில் எழுதிக் கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாகன எண்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறை நடத்தும் ஜேபிஜே இபிட் ஏலத்துக்கும் இதே விதி பொருந்தும்.

இலவசத்துக்கும் விலை உண்டு

இந்தக் கருவிகளைக் கண்மூடி நம்பவும் கூடாது. பற்றுச்சீட்டுக் குறியீடுகளைத் தேடித் தரும் ஹனி என்ற இலவச உலாவி நீட்டிப்பை வாங்க, பேபால் நிறுவனம் ஏறக்குறைய 400 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது. இலவசப் பொருளுக்கு இவ்வளவு விலையா? நாம் எதைத் தேடுகிறோம், எங்கே வாங்குகிறோம் என்ற தகவலுக்கும், நம்மைக் கடைக்குக் கொண்டு சேர்ப்பதற்கான தரகுக்கும் அவ்வளவு மதிப்பு இருக்கிறது. எனவே நீட்டிப்பாக நிறுவுவதைவிட, வேண்டும்போது தளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. நிறுவினாலும், என்னென்ன அனுமதி கேட்கிறது என்று படித்துப் பாருங்கள்.

"ஐந்து ரிங்கிட்டுக்கு இவ்வளவு வேலையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கைப்பேசி உறைக்கு ஆராய்ச்சி வேண்டாம். ஆனால் ஒரு மாத உணவுச் செலவுக்கு ஈடான பொருளுக்குப் பதினைந்து நிமிடம் செலவிடுவது வீண் இல்லை.

ஏமாந்தால் அதோடு விட்டுவிடவும் வேண்டாம். பார்சலைப் பிரிக்கும்போது காணொளி எடுங்கள். சோதிக்கும் முன் 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். மோசடிக்காரருக்குப் பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 997 எண்ணுக்கோ உங்கள் வங்கிக்கோ அழையுங்கள். வணிகரோடு தகராறு என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வணிகர் அல்லாத தனிநபரிடம் வாங்கிய பழைய பொருளுக்கு இந்த வழி இல்லை. அங்கே முன்னெச்சரிக்கை இரு மடங்கு வேண்டும்.

நான் இதை மாணவர்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்று பல வீடுகளில் தாத்தாவுக்கு இரத்த அழுத்தக் கருவி வாங்குவதும், அம்மாவுக்கு மிக்சி வாங்குவதும் நம் கைப்பேசி வழியாகத்தான். செலவாவது அவர்கள் பணம், முடிவெடுப்பது நாம். மேலே சொன்ன தளங்களும் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கின்றன. இரு மொழியும் மும்மொழியும் படித்த நமக்கு அவற்றைத் தமிழில் விளக்கும் பொறுப்பு இருக்கிறது. பல்கலைக்கழகத் தமிழ்க் கழகங்களும் இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகங்களும் ஆண்டுக்கு ஒரு நாள், தீபாவளி விற்பனைக்கு முன், பெற்றோரை அழைத்து ஒரு மணி நேரப் பட்டறை நடத்தலாம். செமாக் மியூலில் ஓர் எண்ணைத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். இந்த வார இறுதியில் அதை உங்கள் வீட்டிலேயே தொடங்குங்கள்.