மண்ணும் அமானிதமே

அமானிதம் என்றவுடன் பிறர் நம்மிடம் ஒப்படைத்த பணமும் பொருளுமே நம் நினைவுக்கு வருகின்றன. காலடியில் கிடக்கும் மண்ணும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதை மறந்துவிடுகின்றோம்.

பழனி மலைத்தொடரில் கொடைக்கானல் வட்டாரம் பீன்ஸும் உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும் விளையும் பூமி. அங்கே சரிவான நிலத்தைக் கொத்திப் புரட்டி வெறுமையாக விட்டால், ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண்ணை ஓடைக்கு அடித்துச் சென்றுவிடும். அந்த ஓடைகளே கீழே மஞ்சளாறு, பாலாறு பொருந்தலாறு அணைகளை நிரப்புகின்றன. மலையில் இழந்த மண் கீழே வண்டலாகப் படிகின்றது.

இதற்கு ஒரு வழி உண்டு. பீன்ஸுக்கு முன்பாக ஓட்ஸ், சாமை போன்ற மூடுபயிரை விதைத்து, பூக்கும் பருவத்தில் அறுத்து, தழையை அங்கேயே பரப்பிவிட வேண்டும். உழாமல், தழையை விலக்கிக் குழியிட்டு பீன்ஸ் விதையை ஊன்ற வேண்டும். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தழை மழைத்துளியின் வேகத்தைத் தாங்கிக் களையையும் அடக்கும். பீன்ஸ் தன் வேர்முடிச்சுகளின் வழியே காற்றிலுள்ள தழைச்சத்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்வதால், மெதுவாக மட்கும் தானியத் தழை அதற்கு ஏற்றது.

பிரேசிலின் பரனா மாநிலத்தில் மண்ணரிப்பால் வருந்திய ஹெர்பர்ட் பார்ட்ஸ் எனும் விவசாயி 1972இல் உழவைக் கைவிட்டார். இன்று அந்நாட்டில் கோடிக்கணக்கான ஏக்கரில் உழாமல் பயிரிடுகின்றனர். அங்கே களைக்கொல்லி மிகுதி. நம் மலையின் சிறு வயல்களுக்கோ அரிவாளே போதும்.

இடர்களும் உண்டு. ஈரத் தழையில் நத்தைகள் பெருகும். குளிரில் முளைப்பு தாமதமாகும். எல்லாவற்றிலும் பெரிய இடர், மூடுபயிர் நிற்கும் பருவத்தில் வருமானம் இல்லை என்பதே. ஓராண்டுக் குத்தகைக்காரர் அந்த இழப்பை எப்படித் தாங்குவார்? மண் வளம் பெறும்போது நிலம் வேறொருவர் கையில் இருக்குமே!

மலையில் நிலம் வைத்துக்கொண்டு கீழே ஊர்களில் வாழ்வோர் நம்மவரிலும் உண்டு. நிலம் உள்ளவர் தாமே பயிரிடட்டும், அல்லது தம் சகோதரருக்கு வழங்கட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. குத்தகையே கூடாது என்பது இதன் பொருளன்று என்பர் பெரும்பாலான அறிஞர்கள். எனினும், கொடுப்பவரின் மனம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இது காட்டுகின்றது. கைபர் நிலங்களை நபியவர்கள் விளைச்சலில் பாதி என்ற பங்குக்கே ஒப்படைத்தார்கள். விளையாத பருவத்தின் இழப்பு உழைப்பவர் தலையில் மட்டும் விழவில்லை.

எனவே நில உரிமையாளர்களிடம் நாம் வேண்டுவது இதுதான்: குத்தகையை ஐந்தாண்டுக்கேனும் எழுதிக்கொடுங்கள், மூடுபயிர் நிற்கும் பருவத்துக்குக் குத்தகைப் பணம் வாங்காதீர்கள். விதைத்ததிலிருந்து பறவை உண்டாலும் தர்மம் என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. அடுத்த தலைமுறை உண்பதற்கு மண்ணை விட்டுச்செல்வது அதனினும் சிறியதா?

அமானிதம் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.