பிழையை உரைக்கும் துணிவு

இரவுப் பணி முடித்த செவிலியர் ஒருவர், காலைப் பணிக்கு வந்தவரிடம் நோயாளர் கூடத்தை ஒப்படைக்கின்றார். யாருக்கு எம்மருந்து கொடுக்கப்பட்டது, யாருக்குக் காய்ச்சல் ஏறிற்று, யார் உறங்கவில்லை என்பவற்றையெல்லாம் எடுத்துரைக்கின்றார். வந்தவர் அச்சொற்களை நம்பியே தம் பணியைத் தொடங்குகின்றார். கட்டிலில் கிடக்கும் நோயாளர் இதனை அறியார். ஆயினும் அவர் உயிர் அந்நம்பிக்கையைச் சார்ந்தே நிற்கின்றது.

பிழையே செய்யாதவர் கூடிய குழுவே நம்பிக்கைக்குரிய குழு என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் அம்மையார், இரு மருத்துவமனைகளில் எட்டுச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்து, 1996-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளே அவரது ஆராய்ச்சிப் பொருள். நன்கு இணைந்து பணிபுரியும் குழுக்களில் பிழைகள் குறைந்திருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கண்டதோ நேர்மாறு! அக்குழுக்களிலேயே பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன.

காரணம் யாது? அச்செவிலியர் மிகுதியாகப் பிழை செய்தனர் என்பதன்று. நேர்ந்த பிழையை மறையாது உரைத்தனர் என்பதே அம்மையார் கண்ட விளக்கம். கடிந்துரைக்கும் தலைமையின்கீழ் இருந்தவர்களோ வாய்திறக்க அஞ்சினர்.

கடுமையே ஒழுங்கைக் காக்கும் என்பாரும் உளர். வேண்டுமென்றே செய்யும் அலட்சியத்தைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால், களைப்பினாலோ விரைவினாலோ நேர்ந்த பிழைக்கும் அதே கடுமையைக் காட்டினால் விளைவது யாது? இருமடங்கு மருந்து கொடுத்துவிட்ட இளைய செவிலியர் உடனே சொன்னால், மருத்துவர் விரைந்து வந்து ஆவன செய்வார். ஏச்சுக்கு அஞ்சி அவர் ஒரு நாழிகை வாய்மூடி இருந்தால், அந்நாழிகையின் துன்பம் நோயாளருடையது. அடுத்து வருபவரும் ஏதும் அறியாமல் அம்மருந்தையே மீண்டும் கொடுக்கக்கூடும்.

ஆகவே, குழுவை வளர்க்கும் பொறுப்பு முதற்கண் தலைமைச் செவிலியரையே சாரும். விருந்தும் விளையாட்டும் குழுவினரை நெருங்கச் செய்யலாம், நல்லதே. ஆயினும், நள்ளிரவில் பிழை நேர்ந்தபோது அவை மட்டும் துணைக்கு வாரா. ‘நேற்று ஒரு நோயாளருக்கு மருந்து கொடுக்கும் வேளையை நானே தவறவிட்டேன்’ என்று தலைமைச் செவிலியர் காலையில் எல்லார் முன்னும் சொல்வாரானால், பின்வரிசையில் நிற்கும் புதிய செவிலியரும் அன்று மாலைக்குள் தம் ஐயத்தைத் துணிந்து கேட்பார்.