செஞ்சிக் கோட்டையும் வரைந்தறியும் நெறியும்

பல உறுப்புக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஒரு பொருளை எங்ஙனம் அறிவது? கற்றோரை வினவின், பகுத்து அறிக என்பர். பகுத்தல் வேண்டுவதே. ஆயின் பகுத்தவற்றை மீண்டும் ஒருங்கு வைத்துக் காணாதவழிக் கிடைப்பது குறிப்புக்களின் குவியலேயன்றி அறிவன்று. அங்ஙனம் ஒருங்கு காண்டற்குச் சொல்லினுங் கோடு சிறந்த கருவியாகும் இடங்கள் உள. அக்கருவியைத் தமிழ் பயிலும் நாமும் கைக்கொள்ளல் வேண்டுமென்பதே எம் கருத்து. எடுத்துக்காட்டிற்கு நெடுந்தொலை செல்லவேண்டா; திண்டிவனத்தினின்று திருவண்ணாமலை செல்லும் பெருவழியிலே செஞ்சிக் கோட்டை நிற்கின்றது.

செஞ்சி வரலாற்றைத் தேர்வின் பொருட்டுக் கற்போர் ஆண்டுகளையும் ஆண்டோரையும் நிரலே உருவிடுவர். விசயநகரத்தார் சார்பில் நாயக்கர், 1649இல் பீசப்பூரார், 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். ஆள்வோர் மாறுந்தோறும் ஊரின் பெயரும் மாறிற்று. பீசப்பூரார் அதனைப் பாதுஷாபாத் என்றனர். மொகலாயர் நுஸ்ரத்கட் என்றனர். இவற்றையெல்லாம் மனப்பாடஞ் செய்த மாணவன் தேர்வில் தேறுவான். ஆனால், "ஏழாண்டிற்கு மேல் மொகலாயப் பெரும்படைக்கு நெகிழாத கோட்டை, பிரெஞ்சுக்காரர்க்கு ஓரிரவில் நெகிழ்ந்தது யாங்ஙனம்?" என்று அவனை வினவுக. விழித்து நிற்பான்.

இனி ஒரு தாளை எடுத்து வரைந்து பார்ப்போம். மேற்கே இராசகிரி, வடக்கே கிருட்டிணகிரி, தென்கிழக்கே சந்திராயன் துர்க்கம். இம்மூன்றையும் இணைத்தோடும் மதில் ஒரு பெரிய முக்கோணமாகின்றது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மலை ஒவ்வொன்றும் தனித்தனிக் கோட்டை. ஒன்றைக் கொண்டார்க்கு மற்றவை தாமாக வாரா. ஏறத்தாழ 800 அடி உயர்ந்த இராசகிரியின் உச்சியை அணுகுமிடத்தே 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமுள்ள பிளவொன்று உண்டு. அதன்மேலிட்ட மரப்பாலத்தை வாங்கிவிடின், ஒரு சிலரே அங்கு நின்று பலரைத் தடுக்கலாம். இத்துணையும் வரைந்தபின், மதிலுக்கு வெளியே முற்றுகையிடுவோர்க்கென ஒரு வட்டம் இடுக. அது மதிலினும் நீளுதல் இயல்பன்றோ? அவ்வளவு நீளத்திற்குப் படையைப் பரப்பின் எவ்விடத்தும் அது மெலியும். 1690இல் வந்திறங்கிய சுல்பிகர்கானுக்கு நேர்ந்த முதல் இடர் இது.

தாள் இன்னுஞ் சிறிது அகலவேண்டும். தெற்கே தஞ்சை, தென்கிழக்கே புதுச்சேரி, வடமேற்கே வேலூர், வடகிழக்கே வந்தவாசி ஆகியவற்றைக் குறித்து, சந்தாஜி, தனாஜி என்னும் மராட்டியத் தலைவர்களின் குதிரைப்படை 1692இல் வந்த வழியையும் இழுத்துப் பாருங்கள். முற்றுகை வட்டத்திற்கு வெளியே மற்றொரு வட்டம் எழுகின்றது! முற்றினோர் தாமே முற்றப்பட்டனர். உணவு வரவு அற்றது. 1693இன் தொடக்கத்தில் சுல்பிகர்கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினான். இதனை விரித்துரைக்க நூலாசிரியர்க்குப் பல பக்கங்கள் வேண்டும். இரண்டு வட்டங்களோ நொடியிற் காட்டிவிடுகின்றன. இனி, மொகலாயர் பாசறையினுள்ளே இளவரசன் காம்பக்ஷ் பகைவரோடு பேச்சு நடத்தினான் என்று அவனைச் சிறைப்படுத்தினர். இஃது ஊர்ப்படத்தில் அடங்காது. இதற்கு வேறொரு தாள் எடுத்து, யார் யாரை ஐயுற்றார் என்று ஆட்களுக்கிடையே கோடிழுத்தல் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் வெற்றிக்கு வருவோம். 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்பான், தோற்றோடிய படையொன்றைத் துரத்திக்கொண்டு மதிலடியை அடைந்தான். வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்து, இரவிலேயே மும்மலைமீதும் ஒருங்கு ஏறினான். பொழுது புலர்ந்தபின், தாம் கைக்கொண்ட கோட்டையின் வன்மையைக் கண்டு அவர்களே வியந்தனராம். முதல்நாட் பகலில் நன்கு பார்த்திருப்பின் புதுச்சேரிக்கே திரும்பியிருப்பரோ என்னவோ! கோடு இடத்தைக் காட்டும். உடைந்த நெஞ்சைக் காட்டாது. படத்தையே பொருளென்று மயங்குவார்க்கு இது தக்க எச்சரிக்கை. ஆயினும் முன்னைய படத்தை அருகில் வைத்து நோக்கினாலன்றி, புஸ்ஸிக்கு நெடுவட்டங் காக்கும் பாரமே இல்லை, ஒரு வாயில் போதியதாயிற்று, என்னும் வேறுபாடு புலப்படாது.

மேனாட்டில் இம்முறை பெரிதும் வளர்ந்துள்ளது. 1812இல் நெப்போலியன் உருசியாவிற்குச் சென்று மீண்ட செலவை மினார்டு என்னும் பிரெஞ்சுப் பொறியியலார் 1869இல் ஒரே தாளில் வரைந்தார். படையின் தொகை பட்டையின் அகலமாக நிற்கின்றது. போகும்போது ஆறு போன்றது, மீளும்போது நூலிழையாகின்றது. செஞ்சி முற்றுகைக்கு அத்தகைய படமொன்றை நம் மாணவர் எவரேனும் வரைவரேல், அது பரிசு பெறும் கட்டுரையினும் பயனுடைத்தாகும்.

இத்துறையினர் இந்நாளில் வடிவமைப்புச் சிந்தனை என ஒன்றைப் பேசுகின்றனர். பெயர் புதிது, பொருள் எளிது. ஒன்றைச் செய்யுமுன் அதனைக் கையாள்வாரை உற்றுநோக்குக, பருவெட்டாக வரைக, அவரிடங் காட்டுக, திருத்துக. 1958இல் இந்திய அரசினர்க்கு அறிக்கை அளித்த ஈம்ஸ் தம்பதியர் நம் வீட்டுச் செம்பை வியந்து போற்றினர். எவ்வளவு நீர், இடுப்பிலோ தலையிலோ, ஊற்றுங்கால் கை எங்கே என்னும் வினாக்கள் அனைத்திற்கும் விடையாக அது வளைந்து நிற்கின்றது என்றனர். அகமதாபாத்தில் 1961இல் எழுந்த தேசிய வடிவமைப்புக் கழகத்திற்கு அவ்வறிக்கையே வித்து.

"படம் வரைதல் பொறியியலார் தொழில், சொல்லே நம் செல்வம்" என்று எம் வகுப்பிலேயே சிலர் நகைக்கின்றனர். அவர்க்கு ஒன்று கூறுவேம். மூன்று அதிகாரம், அதிகாரத்திற்கு ஒன்பது இயல் என அளந்து நிற்கும் தொல்காப்பியம் தன் அமைப்பாலேயே ஒரு வரைபடமாகும். முதல், கரு, உரி என நிலத்தையும் பொழுதையும் புள்ளையும் உள்ளத்தையும் ஒரு கட்டத்துள் அடக்கிய ஐந்திணையினுஞ் சிறந்த அட்டவணை யாது? தேரும் நாகமுமாக எழுத்தை அடைத்த சித்திரகவிகளை வெறும் விளையாட்டென்று தள்ளினும், கோலத்தைத் தள்ளவியலாது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி முதலியோர் புள்ளிக் கோலத்திற்கு இலக்கணம் கண்டு 1974இல் கணிப்பொறி அறிஞர்முன் வைத்தனர். நம் அன்னையர் நாடோறும் வாயிலில் இடுவதே அது.

செஞ்சிக்கு இன்று இந்நெறி வேண்டப்படுவது வேறொரு காரணத்தானும் ஆம். 2025 சூலையில் யுனெஸ்கோ மராட்டியர் படைநிலக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று செஞ்சி. இனி அங்கே எல்லைக் கோடுகளும் வழிகளும் வண்டி நிற்குமிடங்களும் தாளில் வரையப்படும். வரைவோன் மேசையில் ஒரு கோடு. ஆடு மேய்ப்பானுக்கு அது வேலி. கமலக்கண்ணி அம்மன் கோயிலுக்கு மலையேறும் முதியவளுக்கு அது சுற்றுவழி. ஆதலின் அக்கோடு மையாகுமுன் கரிக்கோலால் இடப்பட்டு, அவர்கள் முன்னே விரிக்கப்படல் வேண்டும். அவர்கள் விரல் வைத்துக் காட்டுமிடத்தே அழித்தெழுத வேண்டும். வல்லுநர் பலர் இதனைக் காலக்கழிவு என்பர், யாம் உடன்படோம்.

வரலாற்று மாணவரும் தமிழ் மாணவரும் கூடி, வரும் தை விடுமுறையில் ஒருநாள் செஞ்சியில் தங்கலாம். முதற்றாளில் நீரை மட்டும் வரைவோம்: மலைமேற் சுனைகள், அடிவாரத்துச் சக்கரகுளமும் செட்டிகுளமும், கல்யாண மகாலுக்கு நீர் கொணர்ந்த மட்குழாய்களின் வழி. அரசர் பெயரை இரண்டாந் தாளிற் பார்த்துக்கொள்ளலாம்.