நிழற்படமும் சட்டமும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது முதுமொழி. நிழற்படத்துக்கு ஆடையாவன, அதனைச் சூழ இடும் மட்டையும் சட்டமுமேயாம். 1993ஆம் ஆண்டு தொடங்கிய 'கலா பொல' என்னும் ஓவியச் சந்தையில், கொழும்பு ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் ஓரத்தில், நாமும் நிழற்படங்கள் விற்றதுண்டு. முதன்முறை செலவுக்கு அஞ்சி, மட்டையின்றியே படத்தைக் கண்ணாடியோடு சேர்த்து அடைத்தோம். சில ஆண்டுகளின் பின், வாங்கிய அன்பர் ஒருவரின் இல்லத்தில் அப்படத்தைக் கண்டு நாணினோம். ஈரக்காற்றினால் படத்தின் முகம் கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்தது. பெயர்த்தாற் படமே உரிந்துவிடும்.

நடுவே சாளரம் வெட்டிய மட்டை அழகுக்கு மட்டும் அன்று. படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி தருவதே அதன் முதற்பணி. சுத்திசெய்யாத மரக்கூழாலான மலிவு மட்டையோ, நாளடைவில் அமிலங் கக்கிப் படத்தைப் பழுப்பாக்கும். ஆதலின் அமிலமற்ற பருத்தி மட்டையே தக்கது. ஒட்டுநாடாவை விடுத்து, கோதுமை மாப்பொருட் பசை தடவிய மெல்லிய தாட்கீற்றுகளால் மேல்விளிம்பை மட்டும் பின்மட்டையோடு பிணைத்தல் வேண்டும். அப்பொழுதே படம் ஈரத்தில் விரிந்து சுருங்க இடமிருக்கும்.

இவையெல்லாம் வாங்குவோர் கண்ணுக்குப் புலப்படா என்பர் சிலர். புலப்படாமையினாலன்றோ அவை விற்போர் கடமையாகின்றன! வேண்டுமாயின் விலையைச் சற்று உயர்த்துவோம். சட்டத்தின் உள்ளே வஞ்சனை செய்யோம்.