முந்திரியும் விகிதமுறு எண்ணும்

தமிழர் கணக்கியல் பற்றிய கட்டுரைகள் பலவும், முந்திரி, காணி, மா, கால், அரை எனக் கீழ்வாயிலக்கப் பெயர்களை நிரல்படுத்தியபின், விகிதமுறு எண்களைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என்னும் முடிபுக்கு வருகின்றன. இது விரைந்த முடிபு. பின்னங்களுக்குப் பெயர் இருப்பது வேறு. விகிதமுறு எண் என்னும் கருத்து இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொள்வதனால் புகழ் கூடுவதுபோல் தோன்றினும், கீழ்வாயிலக்கம் உண்மையில் இயங்கிய முறை ஆய்வாளர் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

முந்திரி என்பது 1/320. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். ஆகவே அரை என்பது 160 முந்திரி; முக்கால் என்பது 240 முந்திரி. கணக்கர் இவற்றைக் கூட்டும்போது 1, 2, 3 என எண்ணும் இயல் எண்களையே கூட்டினார். மாறியது அலகு மட்டுமே. முந்திரியும் போதாதபோது அதனையே ஒன்றெனக் கொண்டு மீண்டும் 320 கூறாக்கினர். அக்கூறு கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வேலிக்கணக்கிலான நிலம் 'கீழ்' என்னும் அடைமொழியோடு மிக நுண்ணிய கூறுவரை குறிக்கப்பட்டிருப்பது இம்முறையின் வலிமைக்குச் சான்று.

இதன் எல்லையை அறிய மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் போதும். 320 என்பது 2, 5 ஆகிய பகா எண்களால் மட்டுமே ஆனது. எனவே மூன்றில் ஒன்றை முந்திரியால் அளந்தால் 106 முந்திரி போக மிச்சம் நிற்கும். அம்மிச்சத்தைக் கீழ்முந்திரியால் அளந்தால் 213 போக மீண்டும் மிச்சம். 320 கூறாக்குதலை எத்தனை முறை செய்யினும் இம்மிச்சம் தீராது. இங்குதான் இம்மி வருகிறது. பத்தரை இம்மி ஒரு கீழ்முந்திரி என்பது பெரிதும் வழங்கும் வாய்பாடு. அதன்படி இம்மி 1/10,75,200 ஆகும். இந்த எண்ணில் 3, 7 ஆகியவை காரணிகளாக உள்ளன. எஞ்சி நின்ற மிச்சம் சரியாக மூன்றரை இம்மி! ஏழில் ஒன்றும் 1,53,600 இம்மியாக மிச்சமின்றி அடங்கும். 'இம்மியளவும்' என்று பேச்சில் எளிதாக ஆளப்படும் சொல்லுக்குப் பின்னால் இத்தகைய கணக்கு இருப்பது வியப்பிற்குரியது. இது திட்டமிட்டு அமைந்ததா, வேறு அளவை வழக்கிலிருந்து வந்து சேர்ந்ததா என்பது ஆய்வுக்குரிய வினா. எனினும் 13 போன்ற ஒரு பகா எண்ணால் பகுக்க நேரின் இம்மிக்கும் முன்போலவே மிச்சம் விழும். மேலும் ஒரு புதிய அலகு வேண்டும்.

விகிதமுறு எண் என்னும் கருத்துக்கு அத்தகைய அலகு தேவையில்லை. சுழியல்லாத எந்த முழு எண்ணாலும் வகுக்கலாம், வகுத்துப் பெற்றதும் எண்ணே என்னும் பொதுமை அதன் உயிர்நிலை. அலகுகளின் வரிசை அப்பொதுமையை நோக்கிச் செல்கிறது. அதனை அடைந்துவிட்டதாகக் கூற இயலாது. சதுரத்தின் மூலைவிட்டமோ இன்னும் அப்பாற்பட்டது. பக்கத்தை எத்துணை நுண்ணிய சமகூறுகளாக்கினும் அக்கூறுகளில் எதனாலும் மூலைவிட்டம் மிச்சமின்றி அளக்கப்படாது. விகிதமுறா எண்ணுக்கு ஐயமற்ற வரையறையை டெடகிண்ட் 1872இல்தான் வெளியிட்டார்.

இலக்கண மரபும் இங்கு நோக்கத்தக்கது. தொல்காப்பியத் தொகைமரபு அரை என்பதனைப் 'பால்வரை கிளவி' என்கிறது. அளவு, நிறை, எண் ஆகியவற்றின் பெயர்களோடு அது புணரும் முறையையும் கூறுகிறது. பால் என்பது பகுதி. எனவே அரை என்பது ஏதேனும் ஒன்றன் பகுதியாகவே அங்குக் கருதப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும். தனித்து நிற்கும் எண்ணாக அதனைக் கொள்ள அந்நூற்பா இடந்தரவில்லை. ஒன்றரை என்னும் சொல்லமைப்பும் இதற்கு அரண் செய்கிறது.

இன்றைய பாடநூற் கலைச்சொற்களைப் பழைய வழக்குகளின்மீது ஏற்றுவதைவிட, எண்சுவடிப் படிகளில் இம்மி வாய்பாட்டுக்குள்ள பாடவேறுபாடுகளைத் தொகுப்பது பயனுடையது. பத்தரை என்பதே பாடமாயின், ஓர் அலகை வரையறுக்கவே மற்றொரு பின்னம் ஏன் வேண்டப்பட்டது என்பதற்கு விளக்கம் தேவை.