ஐயமன்று, அரண்

சிறுவரும் இளையோரும் விரும்பிப் பார்க்கும் விளையாட்டு, இசை, திரை நிகழ்ச்சிகளை நடத்தும் நிறுவனங்களும் அமைப்புகளும் தம் ஊழியர்க்கென ஒரு விதியை எழுத்தில் வைக்கத் தொடங்கியுள்ளன. பதினெட்டு வயது நிரம்பாத ரசிகரோடு ஊழியர் எவரும் தம் சொந்தக் கைப்பேசி வழியாகத் தனித்து உரையாடலாகாது. சொல்ல வேண்டியதைப் பொதுக் கணக்கில், பிறர் காணச் சொல்ல வேண்டும். தனிப்பட்ட படங்களைக் கேட்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது. பெற்றோர் அறியாமல் பரிசு தருவதும் சந்திப்பதும் கூடாது. விதியின் சாரம் இவ்வளவே.

இதைப் படிக்கும் பெரியவர் பலருக்கு முதலில் எழுவது நன்றியன்று, சினம். “எங்களையெல்லாம் குற்றவாளிகள் என்று நினைக்கிறார்களா?” என்று கேட்கின்றனர். ஆசிரியர் கேட்கிறார், பயிற்சியாளர் கேட்கிறார், ஆலயப் பாடகர் குழுவை நடத்துபவரும், “எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா, சாமி?” என்று கேட்கிறார். “நம்பிக்கையின் மீதன்றோ குடும்பமும் பள்ளியும் கோவிலும் நிற்கின்றன? எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிவிட்டால் பாசத்துக்கு எங்கே இடம்?” என்ற குரலும் எழுகிறது. கேட்பதற்கு இனிய குரல்தான். ஆனால் தவறான குரல். அது ஏன் தவறு என்று சொல்லவே இக்கட்டுரை.

இத்தகைய விதிகள் பிறந்த வரலாற்றை முதலில் காண்போம். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராயிருந்த லாரி நாசர் என்பவர், தம்மை நம்பி வந்த சிறுமியரை ஆண்டுக்கணக்கில் சீரழித்தார். 2018ஆம் ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தம் துயரத்தை எடுத்துரைத்தனர். அவரைச் சுற்றியிருந்தோர் அனைவரும் தீயவர்களா? இல்லை. அவர்கள் நம்பினார்கள், அவ்வளவே. அதன் பிறகு அந்நாட்டு விளையாட்டு அமைப்புகளுக்கு ஒரு கட்டுப்பாடு வந்தது: வயது வந்தவர் ஒருவர் இளம் வீரருக்கு அனுப்பும் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ, பெற்றோரோ மற்றொரு பெரியவரோ காணும்படி இருக்க வேண்டும். நல்ல பயிற்சியாளரும் இதற்குக் கட்டுப்பட்டார். அதனால் அவருடைய நன்மை குறைந்துவிடவில்லை.

அமெரிக்கா வரை போவானேன்? 2021 மே மாதம் சென்னை கே.கே. நகரிலுள்ள பத்ம சேஷாத்ரி பால பவன் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் போக்சோ சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். இணையவழி வகுப்பில் முறையற்ற உடையில் தோன்றினார், மாணவியருக்குத் தகாத செய்திகள் அனுப்பினார் என்பன அவர்மீது எழுந்த புகார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் குடியேறியிருந்தது. வகுப்பறைக்குச் சன்னல் உண்டு, தாழ்வாரம் உண்டு, அவ்வழியே நடந்து செல்லும் தலைமையாசிரியர் உண்டு. கைப்பேசிக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. அடுத்த மாதமே தமிழக அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது: இணைய வகுப்பிலும் கண்ணியமான உடை, வகுப்புகளைப் பதிவு செய்தல், அப்பதிவுகளை ஆய்வு செய்தல், பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்புக் குழு. இழந்துபோன சன்னலையும் தாழ்வாரத்தையும் திரும்ப வைக்கும் முயற்சி அது.

அதே ஜூன் மாதம் மற்றொரு செய்தியும் வந்தது. தடை செய்யப்பட்ட பப்ஜி விளையாட்டை ஆடிக்காட்டும் காணொளிகளால் பெயர்பெற்ற மதன் என்ற யூடியூபர் தருமபுரியில் கைதானார். பெண்களைப் பற்றி ஆபாசமாகப் பேசினார், அவரைப் பின்தொடர்ந்தோரில் பள்ளிச் சிறார் பலர் என்பன குற்றச்சாட்டுகள். வழக்கு நீதிமன்றத்தின் பொறுப்பு. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. முதல் நிகழ்வில் ஆசிரியருக்கு மேலே ஒரு பள்ளி இருந்தது. கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது. இரண்டாவதில் அந்த மனிதருக்கு மேலே முதலாளியில்லை, நிருவாகமில்லை, விதியுமில்லை. நிறுவன விதிகளை வெறும் சடங்கென்று இகழ்வோர், விதியே இல்லாத இடம் எப்படியிருக்கும் என்பதை அங்கே காணட்டும்.

“இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களே பாதுகாப்புச் செய்துவிட்டனவே” என்பர் சிலர். உண்மைதான். தம்மைப் பின்தொடராத சிறாருக்குப் பெரியவர்கள் தனிச்செய்தி அனுப்ப முடியாதபடி 2021இல் இன்ஸ்டாகிராம் ஒரு தடையை வைத்தது. 2024இல் பதின்வயதினருக்கென இன்னும் இறுக்கமான கணக்குகளைக் கொண்டுவந்தது. ஆனால் அந்த 2021ஆம் ஆண்டுத் தடையை ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள். அந்நியருக்கு அது கதவடைத்தது. ரசிகரோ தாமே முன்வந்து பின்தொடர்பவர். தம் கதவைத் தாமே திறந்து வைத்துக் காத்திருப்பவர். அந்நியரைத் தடுக்கும் பூட்டு, அபிமானம் பெற்றவரைத் தடுப்பதில்லை. ஆகவே அவரைக் கட்டுப்படுத்த இயந்திரம் போதாது. அவர் தலைக்கு மேல் ஒரு விதி வேண்டும்.

அபிமானம் என்பது என்ன? அது ஓர் அதிகாரம். சம்பளம் தருபவரிடம் உள்ள அதிகாரம் கண்ணுக்குத் தெரியும். காவலரிடம் உள்ளது உடையில் தெரியும். அபிமானத்தின் அதிகாரம் தெரியாது. அதனாலேயே அது வலிமை மிக்கது. பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவள் வியந்து போற்றும் பாடகர் இரவில், “உன் குரல் நன்றாயிருக்கிறது” என்று ஒரு வரி அனுப்பினால், அவளுக்கு அது உலகமே தன்னைத் தேர்ந்தெடுத்ததுபோல் இருக்கும். அடுத்த வரி, “இதை யாரிடமும் சொல்லாதே” என்பதாக இருந்தால் அதையும் அவள் பரிசாகவே ஏற்பாள். தன்னை வியக்கும் ஒருவரிடம் ‘இல்லை’ என்ற சொல் எளிதில் வராது என்பதை அறிந்தே பெரியவர் நடந்துகொள்ள வேண்டும். அறியாதவர்க்கும் அறிந்தே தவறுபவர்க்கும் சேர்த்துத்தான் விதி எழுதப்படுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தினராகிய நமக்கு இதை விளக்க வாடிவாசலைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. தமிழகத்தில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு, விண்ணேற்பு அன்னை ஆலயத் திருவிழாவையொட்டி நம் தச்சங்குறிச்சியில் நடைபெறுவது வழக்கம். அங்கே என்ன காண்கிறோம்? களத்துக்கும் பார்வையாளர்க்கும் இடையே தடுப்பு வேலி. மாடுபிடி வீரர்க்கு மருத்துவப் பரிசோதனை. காளைக்குக் கால்நடை மருத்துவரின் சோதனை. 2017இல் சட்டமும் விதிகளும் வந்தன. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அச்சட்டத்தை ஏற்றது. வேலி கட்டும்போது காளையின் உரிமையாளர் எவரேனும், “என் காளையைச் சந்தேகப்படுகிறீர்களா?” என்று கோபிக்கிறாரா? தடுப்பு, காளையைத் தீயதென்று சொல்லவில்லை. அதன் வலிமையை ஒப்புக்கொள்கிறது. வலிமையுள்ள எதற்கும் வேலி வேண்டும்; அபிமானமும் வலிமையே. இன்று மாடுபிடி வீரரும் காளை வளர்ப்போரும் கூடக் கைப்பேசித் திரையில் நாயகர்கள். பள்ளிச் சிறுவர் அவர்களைப் பின்தொடர்கின்றனர். களத்தில் வேலி கேட்கும் நாம், கைப்பேசியில் வேலி கேட்கத் தயங்குவது ஏன்?

இன்னொரு மறுப்பு உண்டு. அதை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. நம் மாவட்டத்தில் தந்தை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உழைத்துக்கொண்டிருக்க, வீட்டில் பேச ஆளின்றி வளரும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு ஆறுதலாக ஒரு சொல் சொல்லும் ஆசிரியரையோ அண்ணனையோ விதியின் பெயரால் விலக்கி வைப்பது கொடுமையன்றோ என்கின்றனர். நியாயமான கவலை. ஆனால் விதி விலக்குவது ஆறுதலையன்று, இரகசியத்தை. ஆறுதல் சொல்லுங்கள், தாய் இருக்கும் குழுவில் சொல்லுங்கள். அறிவுரை கூறுங்கள்; மற்றோர் ஆசிரியரும் காணும்படி கூறுங்கள். தாய் படித்தால் சுருங்கிப்போகும் அன்பு, பிள்ளைக்குத் தேவையான அன்பன்று. அன்றியும், தனித்திருக்கும் பிள்ளையைத்தான் கேடு நினைப்போர் முதலில் தேடுவர். தனிமை மிகுந்த வீட்டுக்கே அரண் மிகுதியாக வேண்டும்.

“சட்டம் இருக்கிறதே, விதி எதற்கு?” என்பது அடுத்த வாதம். இருக்கிறது. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவு, பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மின்னணு வழியாகத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையும் குற்றமாக்குகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, குழந்தைகளை இணையத்தில் பாலியல் உறவுக்கு ஈர்ப்பதைத் தண்டிக்கிறது. ஆனால் சட்டம் வருவது காயம் பட்ட பின்பு. நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும்; சிறுமி சாட்சி சொல்ல வேண்டும்; ஆண்டுகள் ஓடும். விதியோ நோக்கத்தை ஆராய்வதில்லை. இரவில் தனிச்செய்தி அனுப்பினாயா, இல்லையா? அது மட்டுமே கேள்வி. வெள்ளம் வந்தபின் மீட்கப் படகு வேண்டும். வருமுன் கரை வேண்டும். ஒன்றிருப்பதால் மற்றொன்று வேண்டாமென்பது பேதைமை.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் இவ்விதியை எழுதுவது குழந்தைகள்மீது கொண்ட அன்பினாலன்று, வழக்குக்கும் அவப்பெயருக்கும் அஞ்சியே என்று பலர் சொல்கின்றனர். அச்சத்தால் கட்டிய வேலியும் வேலியே. அதைக் குறைகூற மாட்டோம். ஆனால் புகார் வந்ததும் அதை மேலாளரின் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டி, ஊழியரை வேறு கிளைக்கு மாற்றி, வெளியே மௌனம் காப்பீர்களாயின், அவ்விதி குழந்தையைக் காப்பதன்று, உங்களைக் காப்பது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. ஊழியர்க்கு விதி எழுதும் கை, தனக்கும் இதை எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறரைக் கேட்கும் நாம் நம்மைக் கேளாதிருக்கலாமா? திருச்சபைக்கு இது புதிய பாடமன்று. 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ ஒப்புரவுத் தொட்டியில் குருவுக்கும் பாவ அறிக்கை செய்பவர்க்கும் இடையே தட்டி வைக்கச் செய்தார். அத்தொட்டி மறைவிடத்தில் அன்று, திறந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று இன்றைய திருச்சபைச் சட்டமும் கூறுகிறது. பேசப்படுவது இரகசியம், பேசும் இடம் எல்லார் கண்முன். அத்தட்டி தம்மை அவமதிப்பதாக எந்தக் குருவும் சொன்னதில்லை. புனித தொன் போஸ்கோ தம் கல்வி முறைக்கே தடுப்பு முறை என்று பெயரிட்டார். 2021இல் திருத்தப்பட்ட திருச்சபைச் சட்டத்தின் 1398ஆம் பிரிவு, சிறாருக்கு எதிரான குற்றத்துக்குக் குருக்களை மட்டுமன்றி, திருச்சபையில் பொறுப்பு வகிக்கும் பொதுநிலையினரையும் தண்டனைக்கு உட்படுத்துகிறது. மறைக்கல்வி ஆசிரியர், பாடகர் குழுத் தலைவர், இளையோர் இயக்க வழிகாட்டி ஆகிய அனைவரும் அதற்குள் அடங்குவர். சிறியோருக்கு இடறலாயிருப்பவரைக் குறித்து ஆண்டவர் எந்திரக்கல்லைச் சுட்டி எச்சரித்ததை நாம் பீடத்தில் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு இறங்கினால் போதுமா?

அரசு எழுதியது, நிறுவனங்கள் எழுதுகின்றன. நம் பங்குகளில் எத்தனை ஆலயங்களின் அறிவிப்புப் பலகையில் இப்படியொரு விதி தொங்குகிறது? பங்குப் பேரவையினரைக் கேட்கிறேன். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் மணிக்கணக்கில் கூடிப் பேசும் நாம், இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாகாதா? எழுத வேண்டியவை சிலவே. பிள்ளைகளுக்கான செய்திகள், பெற்றோரும் இரண்டு பெரியவர்களும் இருக்கும் குழுவில் மட்டும் அனுப்பப்படும். எந்தப் பொறுப்பாளரும் சிறாருக்குத் தனிச்செய்தி அனுப்ப மாட்டார். பிள்ளை அனுப்பினால் பெற்றோர்க்குத் தெரிவித்து விடையளிப்பார். பெற்றோர் இசைவின்றிப் பிள்ளைகளின் படங்களை எவரும் வெளியிட மாட்டார். குறையிருந்தால் பேச வேண்டியவர் யார் என்பதும், குழந்தைகள் உதவி எண் 1098 என்பதும் பிள்ளைகளின் கண்ணில் படும் உயரத்தில் எழுதப்பட்டிருக்கும். புகார் வந்தால் அதை நாமே விசாரித்து முடிக்க மாட்டோம், காவல்துறைக்குத் தெரிவிப்போம்.

நல்லவர்க்கு இதனால் இழப்பு ஏதுமில்லை. அவர் ஏற்கெனவே இப்படித்தான் நடந்துகொள்கிறார். விதி அவருக்குச் சான்றாக நிற்கும், பொய்ப் பழியினின்றும் காக்கும். இழப்பு யாருக்கு? இருளை நாடுபவர்க்கு மட்டுமே. ஆகவே “எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா?” என்று இனி எவரேனும் கேட்டால் விடை இதுவாகட்டும்: “உங்களை அன்று, இரகசியத்தை.” அப்படிச் சொல்லிவிட்டு, விதி எழுதிய தாளை அவர்முன் வைப்போம். அதில் முதல் கையொப்பம் பங்குத்தந்தையுடையதாக இருக்கட்டும்.