மதிப்பெண் பட்டியல் வாட்ஸ்அப்பில், மனநலக் கருத்தரங்கு மேடையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரி மாணவர்களின் மனச்சோர்வுக்குச் சமூக ஊடகமே காரணம் என்று மேடைதோறும் பேசப்படுவதோடு, தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் அதற்கென ஒருநாள் கருத்தரங்கும் உறுதிமொழி ஏற்பும் நடத்தப்படுகின்றன. அக்கருத்தரங்கின் படங்கள் அன்று மாலையே கல்லூரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஏற்றப்பட்டு, அவற்றுக்கு லைக் போடும்படி மாணவர்களுக்கே உத்தரவு வருவது தனிக்கதை.

சமூக ஊடகத்தால் தீங்கில்லை என்பது இக்கடிதத்தின் வாதமன்று. 2004 பிப்ரவரியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஃபேஸ்புக், அமெரிக்கக் கல்லூரிகள் அனைத்துக்கும் ஒரே நாளில் கிடைக்காமல் படிப்படியாகத் திறந்துவிடப்பட்டதால், அது வந்து சேர்ந்த கல்லூரிகளை அதுவரை வந்து சேராதவற்றோடு ஒப்பிடும் அரிய வாய்ப்பு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. பிராகியேரி, லெவி, மகரின் ஆகிய மூவரும் அவ்வாறு ஒப்பிட்டு, 2022இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ இதழில் வெளியிட்ட ஆய்வு, ஃபேஸ்புக் வந்தபின் மாணவர் மனநலம் சரிந்ததைக் காட்டியது. அதற்கான காரணமாக அவர்கள் சுட்டியது சமூக ஒப்பீட்டை, அதாவது பிறர் வாழ்வின் பளபளப்பான பக்கத்தைக் கண்டு தன்னைத் தாழ்வாக எடைபோடும் மனப்போக்கை.

அந்த ஒப்பீட்டை இங்கே கல்லூரி நிர்வாகங்களே அன்றாடப் பணியாகச் செய்கின்றன. இன்டர்னல் மதிப்பெண், வருகைக் குறைவு, கட்டண பாக்கி ஆகியவை பெயரும் பதிவெண்ணும் தெரியும் எக்செல் பட்டியலாக, பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் விழுகின்றன. அரியர் வைத்திருப்போரின் வரிசைகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டும் அக்கறையும் சிலருக்கு உண்டு. அறிவிப்புகள் அனைத்தும் அக்குழுவிலேயே வருவதால் அதிலிருந்து விலகவும் வழியில்லை. வளாகத் தேர்வில் வேலை பெற்றவரின் படம், ஆண்டுச் சம்பளம் இத்தனை லட்சம் என்ற கொட்டை எழுத்துகளுடன், மாணவர் சேர்க்கைக் காலம் முழுவதும் நாள்தோறும் வலம்வர, இன்னும் வேலை கிடைக்காத மாணவரும் அதைத் தம் ஸ்டேட்டஸில் வைத்தாக வேண்டியிருக்கிறது.

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கல்வி நிறுவனங்களுக்குச் சில நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனத்தில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதும், மாணவரைப் பலர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது என்பதும் அவற்றுள் அடங்கும். நடைமுறையிலோ, பாடவேளைச் சுமையையே தாங்க முடியாத உதவிப் பேராசிரியர் ஒருவரிடம் ஆலோசகர் பொறுப்பு கூடுதலாக ஒப்படைக்கப்படுகிறது. அவரே அம்மாணவரின் இன்டர்னல் மதிப்பெண்ணையும் இடுபவர் என்றால், மனம் திறந்து பேச எவர் முன்வருவார்? ஒன்றிய அரசின் டெலி மனாஸ் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணைச் சுவரில் ஒட்டிவிடுவதோடு கல்லூரியின் கடமை தீர்ந்துவிடாது.

எனவே, மதிப்பெண்ணும் கட்டண விவரமும் உரிய மாணவருக்கு மட்டுமே தெரிவிக்கப்பட வேண்டும், கல்லூரி விளம்பரத்தைப் பகிர மாணவரை வற்புறுத்தக் கூடாது என்று உயர்கல்வித் துறை எழுத்துவடிவில் ஆணையிட வேண்டும். ஆண்டுதோறும் இணைப்பைப் புதுப்பிக்க வரும் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர், கருத்தரங்குப் படங்கள் அடங்கிய கோப்பைப் புரட்டுவதை விட்டு, ஆலோசகரின் நியமன ஆணையையும் அவருக்கு ஊதியம் வழங்கப்பட்டதற்கான பதிவேட்டையும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர்,
கோவை.